'33 சதவீத பேசிசிட்டி' என்றால் என்ன? தொழிலக வேதியியல் எழுதப் போகிறவர்களுக்கு

பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடத்தில், தொழிலக வேதியியல் தாளில் தோல் பதனிடுதல் பாடத்தைப் படிக்கவே வேண்டாம் என்று இருந்தேன். பேரணாம்பட்டில் பிறந்தவள் நான். அப்பா டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) டிரம் பார்ப்பவர்; தோலையும் ரசாயனத்தையும் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாய் அது. மாதிரித் தேர்வில் "பேசிக் குரோமியம் சல்பேட்டின் பேசிசிட்டி 33 சதவீதம்: விளக்குக" என்று 10 மதிப்பெண் கேள்வி வந்தது. தோலைப் பதனிடப் போடும் குரோமிய உப்புப் பவுடர்தான் இந்தப் பேசிக் குரோமியம் சல்பேட். 'பேசிக்' என்றால் காரம், அதனால் கரைசலின் பிஎச் 7-க்கு மேல் இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதினேன். 2 மதிப்பெண் கிடைத்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் விடைத்தாளைக் காட்டினேன். அவர் எட்டாவதோடு நின்றவர். "பவுடரைக் கரைச்சு பிஎச் பேப்பரைப் போட்டுப் பாரும்மா, மூணுதான் காட்டும். அது எப்படி காரம் ஆகும்?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் இந்தப் பாடத்தை மறுபடி தொடங்கினேன்.

குழப்பத்துக்குக் காரணம், ஒரே சொல் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வேலை செய்வது. பள்ளியில் 'அமிலத்தின் காரத்துவம்' படித்திருப்போம். அது, அமில மூலக்கூறில் இடப்பெயர்ச்சி செய்யக்கூடிய ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை. கந்தக அமிலத்துக்கு 2. பாஸ்பரஸ் அமிலத்தில் (H₃PO₃) மூன்று ஹைட்ரஜன் இருந்தும் காரத்துவம் 2-தான், ஒன்று நேராகப் பாஸ்பரஸோடு பிணைந்திருப்பதால். நுழைவுத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். தோல் தொழிலின் பேசிசிட்டி வேறு. ஷோர்லெம்மர் என்பவரின் பெயரில் வழங்கும் அளவு அது: குரோமியத்தின் மொத்த இணைதிறனில் எத்தனை பங்கை ஹைட்ராக்சில் பிடித்திருக்கிறது என்பதன் சதவீதம்.

குரோமியத்துக்கு இங்கே இணைதிறன் 3. Cr(OH)SO₄-இல் ஒன்றை ஹைட்ராக்சிலும் இரண்டைச் சல்பேட்டும் பிடித்திருக்கின்றன. மூன்றில் ஒன்று, 33.33 சதவீதம். ஹைட்ராக்சிலே இல்லாத Cr₂(SO₄)₃-க்கு 0. Cr(OH)₃-க்கு 100. பிஎச் என்பது கரைசலின் சங்கதி, பேசிசிட்டி என்பது உப்புக்குள் இருக்கும் பங்கீடு. இந்த ஒரு வரியை விடையின் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, 33 ஏன்? பேசிசிட்டி குறைவாக இருக்கும்போது குரோமியக் கூட்டுகள் சின்னவை, தோலைப் பிடிக்கும் ஆவலும் குறைவு. அதனால் உள்ளே வரை போகும். ஊடுருவியபின் சோடியம் பைகார்பனேட் கொடுத்துப் பேசிசிட்டியை ஏற்றினால் கூட்டுகள் பெரிதாகி, தோலின் புரதமான கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளோடு பிணையும். முதலிலேயே ஏற்றிவிட்டால் மேல்பக்கம் மட்டும் பிடித்து, நடு பச்சைத்தோலாகவே நிற்கும்.

கணக்கும் கேட்பார்கள். 1000 கிலோ தோலுக்கு 8 சதவீதம் பவுடர் என்றால் 80 கிலோ. அதிலுள்ள குரோமியத்தை Cr₂O₃ ஆகக் கணக்கிட்டு 25 சதவீதம் என்றால் 20 கிலோ. பேசிசிட்டியை 33.33-லிருந்து 50-க்கு ஏற்ற, 152 கிலோ Cr₂O₃-க்கு 84 கிலோ பைகார்பனேட் வேண்டும். 20 கிலோவுக்கு ஏறக்குறைய 11 கிலோ. 152, 84 இரண்டும் மூலக்கூறு எடைகள். அவை எங்கிருந்து வந்தன என்று ஒரு வரி எழுதினால் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். டிரம்மில் மீந்திருக்கும் பிக்கிள் அமிலமும் (குரோமுக்கு முன் தோலை ஊறவைக்கும் அமிலம்) கொஞ்சம் பைகார்பனேட்டைத் தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டருக்கு முன் அப்பா அனுமதி வாங்கி என்னை டிரம் அருகே அழைத்துப் போனார். பைகார்பனேட்டைத் தண்ணீரில் கரைத்து, தவணை தவணையாக, நடுவே டிரம்மை ஓடவிட்டு ஊற்றினார்கள். மொத்தமாகக் கொட்டினால் கறை விழும், மேல்தோல் முரடாகும். கடைசித் தவணை ஓடி முடிந்ததும் கழுத்துப் பக்கம் ஒரு துண்டு வெட்டினார் அப்பா. தோலில் தடிமனான இடம் அது. வெட்டு வாயில், பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோகிரெசால் கிரீன் இரண்டு சொட்டு விட்டார். நடுவில் கோடு எதுவும் இல்லாமல் ஒரே மாதிரி பச்சை. பிஎச் 3.8-க்குக் கீழே மஞ்சள், 5.4-க்கு மேலே நீலம், இடையில் பச்சை என்று நான் மனப்பாடம் செய்திருந்த வரி அன்றைக்குத்தான் கண்ணில் தெரிந்தது. அப்புறம் இன்னொரு துண்டைக் கொதிநீரில் போட்டார். பதனிடாத தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். இது சுருங்காமல் கிடந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு வீட்டு வாசலில் இருக்கிறது. தெரிந்தவர் யாராவது டேனரியில் இருந்தால் ஒரு முறை கேட்டுப் போய்ப் பாருங்கள். பாடத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் 'எதை எண்ணுகிறோம், எதில் எத்தனை பங்கு' என்று நோட்டில் எழுதிவைப்பதும் அதன்பின் எனக்குப் பழக்கமானது.

வாய்மொழித் தேர்வில், 100 சதவீத பேசிசிட்டியால் என்ன பயன் என்று கேட்டார்கள். தோல் பதனிட உதவாது, வீழ்படிவாகிவிடும் என்றேன். ஆனால் கழிவுநீருக்கு அதுதான் வேண்டும். பதனிட்டபின் மிஞ்சும் குரோம் தண்ணீரில் மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் பிஎச்சை 8-க்கு மேல் ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடாக அடியில் படியும். பாலாற்றுப் பக்கம் போகாமல் அதைப் பிடித்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பேசிக் குரோமியம் சல்பேட் கிடைக்கும், அடுத்த டிரம்முக்கு.