கஞ்சி ஊற்றியவளுக்கும் ஒரு மன்றாட்டு

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு இந்த மண்ணில் இடமில்லாமற் போனது. குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுப்பதே பெருங்குற்றம். ஏறத்தாழ முப்பது வருடம் எங்கள் முன்னோர் பூசை காணாமல், பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லியே விசுவாசத்தைக் காத்திருக்கிறார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் வந்தார். கூலிக்காரனைப் போல் வேடம், கூடவே யோவான் என்ற உதவியாளர். பயணத்தின் கொடுமையில் கடுமையான வயிற்றுளைவு கண்டு, இங்கே வந்து சேர்ந்தபோது எழும்பி நிற்கவும் ஏலாத நிலை. தொற்றிவிடும் என்று சனம் விலகிப் போனது. ஒரு பெண் மட்டும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அடிகளாரின் கதையைச் சொல்பவர்கள் சொல்வார்கள். அவளுடைய பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

அந்தப் பெண்ணை நினைத்துத்தான் இந்த முறை, அடிகளாருக்கு மறைவிடமாக இருந்த சில்லாலைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஜனவரி 16 அடிகளாரின் திருநாள், 1711இல் கண்டியில் அவர் கண்மூடிய நாள். பொங்கல் முடிந்த கையோடு வரும். அம்மாவும் மகனும் நானும் விடியற்காலையில் ஓட்டோவில் புறப்பட்டோம்.

ஆனைக்கோட்டை தாண்டியதும் அம்மா, "நவாலிக் கோயிலடியில ஒருக்கா நிப்பாட்டச் சொல்லு பிள்ளை" என்றார்.

நவாலி புனித பேதுரு கோயில். 1995 யூலை 9. இலங்கை இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' படை நடவடிக்கைக்குப் பயந்து ஓடிவந்த சனம் கோயிலிலும் வளவிலும் களைத்துப்போய் இருந்த நேரம், விமானப்படை விமானம் குண்டு போட்டது. நூறு பேருக்கும் மேல் செத்துப் போனார்கள். குழந்தைகள் எத்தனையோ. அம்மா முழந்தாளில் நின்று செபித்தார். மகன் நினைவுக்கல்லில் இருந்த பெயர்களை வாய்க்குள் வாசித்துக்கொண்டிருந்தான்.

நன்றி என்று எழுத வந்த நான் நவாலியைத் தாண்டி எழுத முடியாது. "எல்லாம் நன்மைக்கே, எல்லாத்துக்கும் ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று சொல்பவர்களை நான் அறிவேன், அவர்களின் விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் குண்டுக்காக நன்றி சொல்லும்படி எங்கள் ஆண்டவர் கேட்பார் என்று நான் நம்பவில்லை. லாசருவின் கல்லறைக்கு முன்னால் அவரே அழுதவர். நவாலியில் எங்களுக்குரியது அந்த அழுகைதான். அதை அழுது முடிக்க யாரும் எங்களை அவசரப்படுத்தக் கூடாது.

ஓட்டோவில் ஏறின பிறகு அம்மா அதே வருடத்து ஒக்டோபர் இடப்பெயர்வைச் சொல்லத் தொடங்கினார். வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டு, மழைக்குள் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்த கதை. மகனுக்கு அது முதற்தரம் முழுசாகக் கேட்கிற கதை. "கைதடியில ஒரு வளவு வாசல்ல ஒரு மனுசி பெரிய பானையில கஞ்சி வச்சு, போற வாற சனத்துக்கெல்லாம் ஊத்தினவ. உன்ர அம்மா அப்ப சின்னப்பிள்ளை, காய்ச்சல். ரெண்டு சிரட்டை வாங்கிக் குடுத்தன்."

"ஆர் அவ, அம்மம்மா?"

"அந்தச் சனத்துக்குள்ள ஆர் பேர் கேட்டது?"

எனக்கு அந்தக் கஞ்சி ஞாபகமில்லை. உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான் தெரியும்.

பண்டத்தரிப்பை நெருங்கும்போது வெயில் ஏறியிருந்தது. மாரி பெய்து ஓய்ந்த வயல்களில் நெல் பழுத்துச் சாய்ந்து நின்றது. சில்லாலை சின்ன ஊர். பனங்கூடல்கள், ஒடுங்கிய ஒழுங்கைகள், நாட்டு வைத்தியத்துக்குப் பெயர்போன பரம்பரைகள். நோயாளியாக வந்த அடிகளாரை மறைத்து வைத்த ஊர் பிறகு வைத்தியத்துக்குப் பெயரெடுத்தது எனக்கு எப்போதும் ஓர் அழகான பொருத்தமாகவே படும்.

உடம்பு தேறியதும் அடிகளார் செய்த வேலையை மகனுக்குச் சொன்னேன். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டதும் எந்த வீட்டில் முகம் மாறுகிறது, யார் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டெடுத்தார். பிறகு சில்லாலையில் இருந்துகொண்டு இரவில் இரவில் ஊர்களுக்குப் போய்ப் பூசை வைத்தார். 1689 கிறிஸ்மஸ் இரவில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வந்து பிடித்தார்கள். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டவர்கள் பட்ட துன்பத்தை நினைத்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலுக்கு வாயே திறக்கக் கூடாது.

கோயிலில் சனம் நிறைந்திருந்தது. பூசையில் அப்பத்தை உயர்த்தும் நேரம் என் மனம் முழுக்க சாரபாத்துக் கைம்பெண்ணிடமே நின்றது. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி போய்க் கேட்டபோது அவளிடம் பானையில் கைப்பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான். தனக்கும் பிள்ளைக்கும் கடைசிச் சாப்பாடு என்று இருந்ததில் இருந்து முதலில் அவருக்குச் சுட்டுக் கொடுத்தாள். அவளுடைய பெயரும் வேதாகமத்தில் இல்லை. ஆண்டவர் தம்முடைய ஆட்களைக் காப்பாற்ற எத்தனை தரம் அடுப்படிகளை நம்பியிருக்கிறார்! யோசப் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14இல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தியபோது அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார். நானும் மகிழ்ந்தேன். ஆனால் கஞ்சி கொடுத்தவளை அன்று நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்: அவள் அடுப்பு மூட்டாவிட்டால் அந்தப் புனிதர் யாழ்ப்பாணத்திலேயே முடிந்திருப்பார்.

பூசை முடிய, கோயில் வளவில் வேப்பமர நிழலில் இருந்த வயதான ஒரு அம்மாவிடம் அம்மா கதை கொடுத்தார். எந்த ஊர், எந்தப் பங்கு, யாருடைய பிள்ளைகள் எந்த நாட்டில் என்று யாழ்ப்பாணத்துக் கதை எல்லாம் போன பிறகு நான் கேட்டேன்: "அம்மா, நீங்கள் ஒவ்வொரு நாளும் என்ன சொல்லி மன்றாடுவியள்?"

"கேக்கிறதுக்கு இப்ப பெரிசா ஒண்டுமில்லைப் பிள்ளை. இரவு படுக்க முந்தி, இண்டைக்கு ஆர் ஆர் எனக்கு உதவினவை எண்டு ஒவ்வொருத்தராச் சொல்லிச் சொல்லி ஆண்டவருக்குச் சொல்லுவன். சிலநேரம் முடிக்க முந்தி நித்திரையாப் போயிடுவன்."

வேறொன்றும் அவர் விளக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்த எழும்பிப் போய்விட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் செபமாலைக்கு முன்னால் அதைச் செய்கிறோம். சில இரவுகளில் வாய் வராது. மின்சாரம் நின்று, சம்பளம் காணாமல், மனம் கசந்து வீடு வந்த நாட்களில் நன்றி சொல்ல ஆளைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் தேடினால் கட்டாயம் ஓராள் இருக்கும் என்பதைக் கண்டுகொண்டேன். திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் ஒன்றைக் கூடப் போட்டுத் தந்த அக்கா. ஆசுப்பத்திரி வரிசையில் அம்மாவுக்குக் கதிரை விட்டுக்கொடுத்த பொடியன். சைவக் கோயிலுக்கு நேர்ந்த பொங்கலில் எங்களுக்கும் ஒரு சட்டி அனுப்பும் பக்கத்து வீட்டு மாமி. அவர்களின் பெயர் தெரிந்தால் பெயரோடு, தெரியாவிட்டால் செய்ததைச் சொல்லி மன்றாடுகிறோம். ஆளைச் சொல்லிச் செபித்த பிறகு அடுத்த நாள் சந்தையில் அந்த அக்காவோடு விலை பேசும் என் குரலே மாறிவிடுகிறது. விசுவாசம் எனக்குள் வேலை செய்வதை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

அம்மாவின் முறை வரும்போது கைதடி மனுசி எப்போதும் இருப்பார். மகன் நேற்று இரவு சொன்னது பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் கொண்டக்ரரை. மழைக்கு ஓடிவந்த இவனுக்காக மணி அடிக்காமல் பொறுத்து நின்றவராம்.