கோடையில் தோண்டும் அஸ்திவாரம்

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இயேசு சொல்லும் இரண்டு வீடுகள் என்றதும் எல்லோருக்கும் பாறையும் மணலும்தான் நினைவுக்கு வரும். கட்டட வேலையில் இருப்பவர்கள் அதற்கு முந்தைய வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். புத்தியுள்ளவன், புத்தியில்லாதவன் இருவருமே அந்த வார்த்தைகளைக் கேட்டவர்கள். ஒருவன் கேட்டபடி செய்தான். மற்றவன் கேட்டதோடு விட்டுவிட்டான். தெரிந்தும் செய்யாததற்குத்தான் அங்கே புத்தியீனம் என்று பெயர்.

லூக்கா 6:48 இதே உவமையை ஒரு மேஸ்திரியின் கண்ணோடு சொல்கிறது: அவன் ‘ஆழமாய்த் தோண்டி’ அஸ்திபாரம் போட்டான். கலிலேயாவில் மழை ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் ஓய்ந்துவிடும். கோடையில் காட்டாற்றுப் படுகைகள் காய்ந்து, மண் இறுகிக் கிடக்கும். அந்த நாளில் தோண்டிக் கட்டிய வீடும் தோண்டாமல் கட்டிய வீடும் பார்வைக்கு ஒன்றுதான். தோண்டாதவன் வீடு முதலில் முடிந்தும் இருக்கும். மாற்கு 6:3-இல் இயேசுவைத் ‘தச்சன்’ என்று படிக்கிறோமே, அதன் கிரேக்க மூலச் சொல்லான ‘தெக்தோன்’ கட்டட வேலைக்காரரையும் குறிக்கும். தொழில் தெரிந்தவர் சொன்ன உவமை இது.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். சித்திரை, வைகாசியில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் கடப்பாரை தெறிக்கும். மூன்றடி போனதுமே “இதுக்கு மேல பாறை மாதிரி இருக்கு சார், போதும்” என்பார்கள். அதே நிலத்தின் மேல்பரப்பிலோ கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். நம்ப வேண்டியது அந்த வெடிப்பைத்தான். ஐப்பசி மழையில் அந்த மண் தண்ணீரைக் குடித்து உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும். கோடையில் சுருங்கி இறக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஏறி இறங்கினால் பரவாயில்லை. வெளிச்சுவர் ஓரத்தில் ஈரம் ஏறி இறங்கும், நடுவீட்டுக்கு அடியில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது. பூசி அடைத்தாலும் அடுத்த பருவத்தில் அதே இடம் திறக்கும்.

கரிசல் குறைந்த கனமாக இருந்தால் அதைத் தாண்டி அடியில் இருக்கும் சரளையில் ஃபுட்டிங்கை, அதாவது தூணின் அகன்ற அடித்தளத்தை, உட்கார வைக்கலாம். ஆழமாக இருந்தால் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத மட்டத்துக்குப் போக வேண்டும். அது சுமார் 3.5 மீட்டர் வரும். அங்கே அடிப்பகுதி குமிழாக விரிந்த பைல், அதாவது மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண், போடுவார்கள். மேலே வரும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் சிறிது இடைவெளி விட வேண்டும், மண் உப்பினால் அதற்குள் உப்பட்டும் என்று. இந்த இடைவெளியை வீண் என்று நினைத்து மண் போட்டு நிரப்பிவிட்டால் பைல் போட்ட செலவில் பாதி போச்சு.

தெரிந்தும் செய்யாதது எப்படி நடக்கிறது என்பதைக் கான்கிரீட் போடும் நாளில் பார்க்கலாம். எம்20 என்ற தரக் கான்கிரீட் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகாது. மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அந்தக் கணக்கில் சேர்த்தி; மழையில் நனைந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) என்றால் இன்னும் குறைக்க வேண்டும். இது தெரியாத கொத்தனார் கிடையாது. ஆனாலும் மதியம் இரண்டு மணி வெயிலில் கலவை இறுகத் தொடங்கும்போது ஒரு குடம் தண்ணீர் உள்ளே போய்விடும். தள்ளுவது சுலபமாகிறது, மட்டம் பார்ப்பது சுலபமாகிறது. கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளைகள். அவற்றின் வழியே ஈரமும் காற்றும் கம்பியைத் தேடிப் போகும். ஜல்லியை முன்கூட்டியே நனைத்து வைப்பதும், ஊற்ற முடிகிற அளவுக்கு மட்டும் கலப்பதும், கலவையை அதிர்வித்து இறுக்கும் வைப்ரேட்டரைக் கைவசம் வைத்திருப்பதும் அந்தக் குடத்துக்கு வேலையில்லாமல் செய்துவிடும்.

‘கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்’ என்ற நீதிமொழிகள் 9:10 எனக்கு அஸ்திவாரக் குழிக்குள்தான் பொருள்படுகிறது. நாளை மூடப்போகிற குழி அது. வீட்டுக்காரரும் பார்க்கமாட்டார், கொத்தனாரும் மறந்துவிடுவார். முந்தின இரவு மழையில் சேறான அடிமண்ணை வழித்தெடுத்துவிட்டுத்தான் பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்டோமா? கம்பி வலைக்கு அடியில், அதை மண்ணிலிருந்து தள்ளி நிறுத்தும் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்தோமா, கைக்குக் கிடைத்த செங்கல் துண்டைச் செருகினோமா? செங்கல் ஈரத்தை உறிஞ்சி நேரே கம்பிக்குக் கொடுக்கும். இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லாத இடத்திலும் ஒருவர் பார்க்கிறார் என்ற உணர்வுதான் அந்த வசனம் சொல்லும் பயம்.

நீதிமொழிகள் 1:22 ஒரே மூச்சில் மூன்று பேரைக் கூப்பிடுகிறது: பேதைகள், நிந்தனைக்காரர், மதியீனர். சைட்டில் மூவரும் உண்டு. பேதை நேற்று வேலைக்கு வந்த பையன். சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வான், அவனுக்காகவே அந்த நூலின் முதல் அதிகாரம் கதவைத் திறந்து வைக்கிறது. மதியீனன் முப்பது வருட அனுபவத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, திருத்தினால் முகம் சுளிப்பவர். நிந்தனைக்காரன்தான் ஆபத்து. கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க 150 மில்லிமீட்டர் அச்சில் மூன்று கியூப் (கான்கிரீட் கட்டி) எடுத்தால், “28 நாள் ரிசல்ட் வர்றதுக்குள்ள மேல் மாடியே போட்டுடுவோம்” என்று சிரிப்பார். அவரைப் பார்த்துப் பையனும் சிரிக்கக் கற்றுக்கொள்வான். கூடுதலாக இரண்டு கியூப் எடுத்து 7-ஆம் நாளே அழுத்திப் பார்த்தால், 28-ஆம் நாள் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சிரிப்புக்குப் பதில் அந்த எண்ணைப் பையனிடம் காட்டுவது நல்லது.

யாத்திராகமம் 31-இல், ஆசரிப்புக் கூடார வேலைக்கு அழைக்கப்பட்ட பெசலெயேலை தேவன் ஞானத்தால் நிரப்பினார் என்று வருகிறது. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யத்தான் அந்த ஞானம். ‘ஹொக்மா’ என்ற எபிரெயச் சொல்லில் கைத்திறனும் அடங்கும்.

உபாகமம் 22:8, புதுவீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது. ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. இன்றைக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல் கட்ட வேண்டும். கடைசியில் வருகிற வேலை என்பதால் பணம் தீர்ந்ததும் முதலில் வெட்டுப்படுவது இதுதான். இரண்டு வரிசை செங்கலோடு நின்றுபோன சுவரில் குழந்தை ஏறி நிற்கும். லூக்கா 14:28 சொல்வதுபோல முன்பே உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறவர்கள், எஸ்டிமேட்டின் முதல் பக்கத்தில் அஸ்திவாரத்துக்கு அடுத்த வரியிலேயே கைப்பிடிச்சுவரையும் எழுதிவிடுவார்கள்.