நகைச்சுவைக் கவிதையோடு மேடையேற நான் படித்த விதம்

வாரம் முழுக்க அலுவலகம், விடுமுறை நாளில் எங்காவது ஒரு கவியரங்கம். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறேன். பெரும்பாலும் பணம் கிடையாது, போக வரச் செலவு கிடைத்தால் மகிழ்ச்சி. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எப்படித் தயார் செய்துகொள்வது என்று கேட்கிறார்கள். எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

முதலில் யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம். புதுக்கவிதைதான் எழுதப்போகிறேன் என்பவரும் மூன்று மாதம் வெண்பாவோடு உட்கார வேண்டும் என்பேன். நேரிசை வெண்பா என்ற நான்கடிப் பாட்டில் 15 சீர், அதாவது சொல் அளவிலான துண்டுகள். முதல் மூன்று அடியில் நான்கு நான்கு, கடைசி அடியில் மூன்று. கேட்கிறவரின் காது நான்காவது சீருக்குக் காத்திருக்கும்போதே கவிதை முடிந்துவிடுகிறது. அதுவும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் (அளவு காட்டும் மாதிரிச் சொற்களில்) ஒன்றில், சின்னச் சொல்லாக முடிகிறது. சிரிப்பை வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இரண்டாம் அடியின் கடைசியில் நிற்கும் தனிச்சொல்லும் அப்படித்தான். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த அடிக்குப் போகலாம். வீட்டில் அலகிட்டு, அதாவது சீர்களை அசை அசையாகப் பிரித்துப் பார்த்து, பழகியபோது இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. மைக் முன்னால் நின்ற பிறகுதான் புரிந்தது.

அப்புறம் சிலேடை, அதாவது ஒரே சொற்களில் இரண்டு பொருள் வரப் பாடுவது. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரின் சிலேடை வெண்பாக்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி, பக்கத்தில் இரண்டு பத்திகளில் இரண்டு பொருளையும் பிரித்து எழுதினேன். பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் என்று அவர் ஒரே பாம்பை வெவ்வேறு பொருளோடு கட்டியிருப்பதைப் பார்த்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். ஆனால் நான் எழுதிய சிலேடைகள் மேடையில் தொடர்ந்து எடுபடவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. படிக்கிறவர் முதல் அடிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், கேட்கிறவரால் முடியாது. அந்தப் பழைய பாடல்களுக்கு இன்ன பொருளுக்கும் இன்ன பொருளுக்கும் சிலேடை என்ற தலைப்பு முன்னாலேயே வந்துவிடுகிறது. இப்போது நானும் இரண்டு பொருளையும் முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படி இணைக்கப்போகிறான் என்று கூட்டம் காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்பிலேயே பாதிச் சிரிப்பு இருக்கிறது.

மனப்பாடத்துக்குப் பயண நேரம் போதும். ஒரே இரவில் நாற்பது முறை சொல்லிப் பார்ப்பதைவிட, நாலைந்து நாள் இடைவெளி விட்டுச் சொல்வது நிற்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, 1885இல் இதை எழுதிவைத்தார். அவருக்கு எதுகை (அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது) கிடையாது, நமக்கு உண்டு. அடுத்த அடியை எதுகைதான் இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு எதுகை வரும் இருவிகற்ப வெண்பாவில் நான் மறக்கும் இடம் எப்போதும் இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில்தான், எதுகை மாறுவது அங்கேதானே. அந்த ஒரு தாவலை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லிப் பழகுங்கள்.

என் நோட்டில் வலப்பக்கம் கவிதை, இடப்பக்கம் காலி. நிகழ்ச்சி முடிந்ததும் சுமார் எத்தனை பேர், எத்தனையாவதாக வாசித்தேன், எந்தச் சீரில் சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று அங்கே குறிப்பேன். இருமல் முக்கியம், அந்த வரி நீளம் என்று அர்த்தம். போனில் பதிவு செய்ததை அன்றிரவு கேட்பதில்லை. மறுநாள் கேட்டால்தான் நியாயமாகக் கேட்க முடிகிறது. ஒரு கவிதையை மூன்று ஊரில் சொல்லாமல் வெட்டுவதும் இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே அங்கொருவர் இங்கொருவர் உட்கார்ந்திருந்தால் நல்ல வரியும் சத்தமில்லாமல் போகும். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், தனியாக இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று கண்டார். அதனால் வாசிக்கும் முன் எல்லோரையும் முன்வரிசைக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். கூச்சப்பட வேண்டாம், வருவார்கள்.

ஒரு நிகழ்ச்சியில் முன்னறிவிப்பில்லாமல் இரங்கல் உரை ஒன்று முடிந்தது, அடுத்து என் பெயரை அழைத்துவிட்டார்கள். கையில் இருந்ததெல்லாம் சிரிப்புக் கவிதைகள்தான். வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அவர்கள் சிரிக்காததுதான் சரி. என் வருத்தம் வேறு. முன்வரிசையில் கண் கலங்கி இருந்தவர்களுக்கு என்னிடம் ஒரு வரியும் இல்லை. அன்றிலிருந்து அமைதியான கவிதை ஒன்றையாவது மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

கணவன் மனைவி சண்டை பற்றிய ஒரு கவிதை எல்லா ஊரிலும் ஓடியது. ஒருநாள் கூட்டம் கலைந்த பின் ஒரு அம்மா வந்து, "நல்லா சிரிச்சோம் தம்பி. ஆனா அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் பேசவே இல்லையே" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது உண்மை. வெறும் சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தக் கவிதையை நிறுத்திவிட்டேன்.

புதிய வேலைக்கான யோசனைகளில் முதலாவது அதிலிருந்து வந்ததுதான். அதே சண்டையை இரண்டு குரலில் எழுதுகிறேன், அவள் ஒரு வெண்பா, அவன் ஒரு வெண்பா. கடைசிச் சீர் அவளுக்கு. என்னோடு சேர்ந்து வாசிக்க ஒரு தோழி ஒப்புக்கொண்டிருக்கிறாள். இன்னொன்று, நம் காலத்துப் பொருள்களுக்குச் சிலேடை. கைபேசிக்கும் கைக்குழந்தைக்கும் என்று தொடங்கியிருக்கிறேன். இரவில் அழும், எடுக்காவிட்டால் விடாது, இரண்டுக்கும் பொருந்துகிறது. இன்னும் எட்டுச் சீர் கிடைக்கவில்லை. மூன்றாவது, குறள் வெண்பாவில் ஒரு வரிசை. ஏழே சீர் என்பதால் நின்றுகொண்டே பயணம் செய்யும்போதும் மனதில் கட்டலாம். போன வாரம் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத் தவித்தபோது வந்தது இது:

மாற்றிய சொல்லை மறந்துவிட்டேன் கைவிரலில்
நேற்றைய சொல்லே வரும்.

தளை (சீருக்கும் சீருக்கும் உள்ள ஒட்டு) தட்டவில்லை, பலமுறை அலகிட்டுப் பார்த்துவிட்டேன். 'வரும்' என்ற இடத்தில் சிரிப்பார்களா, 'மறந்துவிட்டேன்' என்ற இடத்திலேயே சிரித்துவிடுவார்களா என்பது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மேடை இருக்கிறது, நான்காவதாக வாசிக்கிறேன். இடப்பக்கத்தில் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.