கல்யாணக் கச்சேரி வீடியோவோடு கேசட் ஒலியைச் சேர்ப்பது

செட்டிநாட்டு வீடுகளில் பழைய பீரோவைத் திறந்தால் 1980, 90களின் கல்யாண, அறுபதாங்கல்யாண வி.எச்.எஸ். டேப்புகள் கிடைக்கும். கச்சேரி முழுசாக இருக்கும், ஒலிதான் கேட்கச் சகிக்காது. அதே கச்சேரியை மைக்செட் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் இழுத்து ஆடியோ கேசட்டில் யாராவது எடுத்திருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் இரண்டையும் தொடக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பொருத்திவிட்டு விட்டால், பத்து நிமிஷத்தில் தவில்காரர் கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

நல்ல ஒலி வைத்திருக்கும் கேசட்தான் நேரத்தில் பொய் சொல்கிறது. வி.எச்.எஸ். டேப்பின் ஓரத்தில் கன்ட்ரோல் டிராக் என்ற நேர அடையாள வரிசை இருக்கிறது. டெக் (டேப்பை ஓட்டும் வி.சி.ஆர்.) அதைப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 25 பிரேம் என்று ஓடும். ஒலி மோசமாக இருப்பது டேப் நொடிக்கு 2.34 செ.மீ. மட்டுமே நகர்வதால். கேசட் 4.76 செ.மீ. ஓடினாலும் அதன் மோட்டாரைக் கட்டுப்படுத்த அப்படி எதுவும் கிடையாது. ஒரு சதவீதம் பிசகினாலே ஒரு மணி நேரத்தில் 36 நொடி. ஆகவே வீடியோவின் கரகரப்பான ஒலியைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் அளவுகோல்.

முதலில் கேசட். அழுத்தும் ஃபெல்ட் துண்டு விழுந்திருந்தால் வேறு கூட்டுக்கு டேப்பை மாற்றுங்கள். ஹெட்டைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்திலுள்ள சிறு திருகைத் தாளத்தின் 'ணிங்' மிகத் தெளிவாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். வீடியோவை 720க்கு 576, இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகள் மாறி மாறி வரும் அமைப்பு) கலைக்காமல் எடுங்கள். கேப்சர் சாப்ட்வேர் காட்டும் 'டிராப்டு பிரேம்' எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு பிரேம் விழுந்தால் 40 மில்லிநொடி போச்சு, அதற்கப்புறம் எந்தக் கணக்கும் நிற்காது. டி.பி.சி. (படத்தின் நேர நடுக்கத்தைச் சரிசெய்யும் சுற்று) உள்ள டெக் கிடைத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கல்யாண டேப்பில் வில்லங்கம் ஒன்று உண்டு: வீடியோகாரர் மேலே சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார். அது ஹைஃபை டெக்கில் 'ஆடியோ டப்' போட்டுச் செய்ததாக இருந்தால் டேப்பின் மறு ஓரத்திலுள்ள சாதாரண ஒலி டிராக்தான் அழிந்திருக்கும். படத்தோடு சேர்ந்து பதிந்த ஹைஃபை ஒலி அடியில் அப்படியே இருக்கும். டெக்கை ஹைஃபைக்கு மாற்றிப் பாருங்கள். நகல் எடுக்கும்போது பாட்டைக் கலந்திருந்தால் வழியில்லை, கண்ணால்தான் பொருத்த வேண்டும். அதற்கு நாகஸ்வரம் உதவாது, ஊதத் தொடங்கும் கணம் படத்தில் தெரியாது. தவிலின் தொப்பிப் பக்கத்தில் கழி விழுகிற பிரேமைப் பாருங்கள்: முந்தின பிரேமில் கழி மேலே, அடுத்ததில் தோலில்.

கணக்கு இப்படி. தொடக்கத்தில் ஒரு தவில் அடி, முடிவுக்குப் பக்கத்தில் ஒரு தவில் அடி. இரண்டையும் இரு ஒலியிலும் தேடிப் பிடியுங்கள். இடைவெளி வீடியோவில் 2520 நொடி, கேசட்டில் 2541.6 நொடி என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 1.00857. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு சாப்ட்வேரில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' திறந்து கேசட் ஒலியின் வேகத்தை 0.857 சதவீதம் கூட்டுங்கள். 'சேஞ்ச் டெம்போ' பக்கம் போகவே வேண்டாம்: வேகம் பிசகியபோது சுருதியும் சேர்ந்துதான் பிசகியது, திரும்பும்போதும் சேர்ந்தே திரும்ப வேண்டும். இந்த உதாரணத்தில் சுருதி 15 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். வீடியோ ஒலியிலுள்ள ஒத்தோடு (நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல்) சேர்த்துக் கேட்டால் சரிதானா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் நடுவில் ஓர் இடம் பாருங்கள். அங்கே ஒரு பிரேமுக்கு மேல் விலகினால் வேகம் சீராக மாறவில்லை என்று பொருள். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர் என்றால் பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகி, இப்போது போடும்போது சுருதி ஏறிக்கொண்டே போகும். கைதட்டலில் வெட்டி, உருப்படிக்கு உருப்படி தனி விகிதம் போடுவதுதான் வழி. விலகல் மெல்ல வளராமல் திடீரென்று குதித்தால் குற்றம் கேசட்டில் இல்லை. கேமராவை நிறுத்தி எடுத்திருப்பார்கள், அல்லது பிரேம் விழுந்திருக்கும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில், கேசட்டில் ஏறியுள்ள கரண்ட் இரைச்சலை 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் வேகம் சரி என்பார்கள். நமக்கு அது ஆகாது. அந்தக் காலத்துத் தென்மாநில மின்சாரம் 50இல் நிலையாக நின்றதில்லை; கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் வேறு.

அலைகள் கச்சிதமாகப் பொருந்திய பின்னும் ஒரு திருத்தம் பாக்கி. கேமரா மைக்குக்கு ஒலி காற்றில் வந்து சேர்ந்திருக்கிறது: 14 மீட்டருக்கு ஒரு பிரேம் தாமதம். மேடை முகப்பில், கேமரா வளவின் (உள் முற்றத்தைச் சுற்றிய பகுதி) கடைசித் தூணருகே என்றால் கேசட் ஒலியை ஒன்று, இரண்டு பிரேம் முன்னால் இழுக்க வேண்டும். மைக்செட்டிலிருந்து கேமராவுக்கே வயர் போயிருந்தால் இது தேவையில்லை. சந்தேகம் வந்தால் ஒலி பிந்தியே இருக்கட்டும். 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடிக்கிறோம், பிந்தினால் 125 வரை தெரிவதில்லை.

ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுவரும் எதிரொலித்துத் தள்ளுவதால் தானாகப் பொருத்தும் சாப்ட்வேர் சில சமயம் ஏமாறும். இரண்டு ஒலியையும் சேர்த்து ஓட்டிக் கேளுங்கள். இரட்டையாகக் கேட்டால் இன்னும் விலகல் இருக்கிறது. குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்டால் சில மில்லிநொடிக்குள் வந்தாயிற்று. இதை முன்னால் இழுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

மைக்செட் வயரில் கூட்டத்தின் சத்தம் அதிகம் வராது. கைதட்டல், 'பலே' வரும் இடங்களில் வீடியோ ஒலியை 15 டெசிபெல் தாழ்த்திக் கலக்கலாம். சி-90 கேசட்டை 45 நிமிஷத்தில் திருப்பிப் போட்ட இடைவெளிக்கும் அந்த ஒலிதான். அது பெரும்பாலும் தனியாவர்த்தனத்தின் நடுவில்தான் வந்து தொலைக்கும். அங்கே மட்டும் இரு பக்கமும் இரண்டு நொடி மங்கிக் கலக்க விட்டு, கேசட் ஒலியின் ட்ரெபிளைக் (கூர்மையான மேல் ஒலியை) கொஞ்சம் குறைத்து வையுங்கள், மாறும் இடம் அவ்வளவாக உறுத்தாது.