கோகோ உலர்த்த விறகுக்கு முன் தராசு

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ போட்டவர்களுக்கு எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. மட்டை, தொட்டி (சிரட்டை), பாளை எல்லாம் மரத்தடியிலேயே கிடக்கின்றன. இருந்தும் மழை மாதங்களில் உலர்த்தும் செலவு கையைக் கடிக்கிறதென்றால், வெயில் செய்து முடிக்கும் வேலையையும் அடுப்பிடம் கொடுக்கிறோம் என்று பொருள்.

புளிக்கவைத்து எடுத்த கொட்டையில் ஈரம் சுமார் 55 சதவீதம். 100 கிலோவை 7 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 48 கிலோ சொச்சம் மிஞ்சும். 51 கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கொட்டைக்குக் கொடுக்கும் சாதாரண அடுப்பில் இதற்குக் காய்ந்த விறகு 25 கிலோ, தொட்டி என்றால் 20 கிலோ போல ஆகும். வெப்பத்தில் பாதி பயன்பட்டால் கேஸ் 5 கிலோவுக்கு மேல். மின்சார ஹீட்டரில் 70 யூனிட். உங்கள் ஊர் விலையைப் பெருக்கிப் பாருங்கள்.

கொட்டையை முதலில் இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு ஈரத்தை 30 சதவீதமாக்கினால் 36 கிலோ தண்ணீர் செலவில்லாமல் போய்விடும். மீதி 16 கிலோதான். உள்ளீரம் மெதுவாக வெளியேறுவதால் விறகு அதே விகிதத்தில் குறையாது. ஆனாலும் பாதிக்கும் கீழே வரும்.

இதற்கு ஈரமானி இல்லாவிட்டாலும் தராசு வழிகாட்டும். ஆனால் இங்கே சொல்லும் எடைகள் தொடக்க ஈரம் 55 சதவீதமாக இருந்தால்தான் பொருந்தும். நைலான் வலைத்தட்டு ஒன்றில் சரியாக 10 கிலோ போட்டு அடையாளம் வையுங்கள். தட்டின் எடையைக் கழித்து 6.4 கிலோ வந்ததும் அடுப்புக்கு மாற்றலாம். 4.85 கிலோவில் நிறுத்துங்கள். 4.9 என்றால் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டுகிறது, மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். 4.7 என்றால் தோல் நொறுங்கும், விற்கும் எடையும் போச்சு. ஆக, 50 கிராம் காட்டாத தராசு இந்த வேலைக்கு உதவாது.

காற்றின் சூடு 60 டிகிரியைத் தாண்டக்கூடாது. அவசரப்பட்டால் தோல் இறுகி, புளிப்பு உள்ளேயே தங்கிவிடும். இந்தக் கடைசிக் கட்டத்தில் இரவில் அடுப்பை அணைத்துக் கொட்டையைக் குவித்து மூடினால் உள்ளீரம் மேலே வரும். காலையில் குறைந்த விறகே போதும். ஈரம் அதிகமுள்ள முதல் நாட்களில் இப்படிக் குவித்தால் பூஞ்சணம்தான்.

மழையில் நனைந்த மட்டையை எரிக்கவே எரிக்காதீர்கள். அதன் வெப்பத்தில் ஒரு பகுதி தன் ஈரத்தை விரட்டவே போய்விடும், புகையும் கூடும். புகை ஏறிய கோகோவை எதுவும் மீட்காது. புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகலாம். கொட்டை பரப்புவதற்கு முன் ஒரு பிடி பச்சிலையை அடுப்பில் போட்டு, தட்டுக்கு மேல் புகை கசிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.