வாழைத்தாருக்கும் ஆர்க்கிட்டுக்கும் ஆகாது

விலை உயர்ந்த பூ என்பதால்தான் கல்யாண வீட்டார் பெரும்பாலும் ஆர்க்கிட் கேட்கிறார்கள். மேடை அலங்காரம் செய்கிற எங்களுக்கு அது பிடித்துப்போன காரணம் வேறு. இங்கே சென்னையில் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம், இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மேடை. ராத்திரி சோபாவை இறக்கிவிட்டு மணவறையை ஏற்றவே நேரம் சரியாக இருக்கும்; பூவையும் மாற்ற ஆளும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. மாலையில் வைத்த ரோஜா காலையில் விளிம்பு கறுத்து நிற்கும். ஆர்க்கிட் வைத்தபடியே இருக்கும்.

கோயம்பேட்டில் நாங்கள் கட்டுக் கட்டாக வாங்குவது தாய்லாந்திலிருந்து விமானத்தில் வரும் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகை. ஊதாவும் வெள்ளையும் கலந்த ‘சோனியா’ ரகம்தான் அதிகம். கட்டைப் பிரித்ததும் தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி வாளித் தண்ணீரில் நிறுத்திவிட வேண்டும். ரோஜாவோடு சேர்த்துக் குளிர் அறையில் போடக் கூடாது. ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி சுகம். ஆர்க்கிட்டோ வெப்ப நாட்டுப் பூ. 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் நிறம் கெட்டு மொட்டு உதிரும்.

இத்தனை உழைக்கிற பூவுக்கு மண்டபத்தில் மங்கலம் என்று வைப்பவையே பகை. வாசலில் தாரோடு கட்டிய வாழை, சீர்வரிசைப் பழத்தட்டு, ஓமப்புகை. பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், புகையிலும் அது உண்டு. அது பட்டால் டென்ட்ரோபியம் துவண்டு, மொட்டு மஞ்சளாகிக் கொட்டும். எங்களிடம் இருக்கும் மூத்த பூக்கட்டுக்காரர் எத்திலீன் என்ற பேரே கேள்விப்பட்டதில்லை. "வாழைத்தார் கெடக்குற ரூம்ல ஆர்க்கிட்ட வைக்காதீங்க தம்பி, காலைல கொட்டிப்புடும்" என்பார். ஆனால் பூ வைக்க இடம் கேட்டால் மண்டப மேனேஜர்கள் திறந்துவிடுவது காய்கறியும் பழமும் அடுக்கிய ஸ்டோர் ரூமைத்தான். வேண்டாம் என்று மாடிப்படிக்கு அடியில் வாளிகளை நிறுத்தினால் முறைப்பார்கள்.

மாலை கோப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பூவின் நடுவில் மகரந்தத்தை மூடியபடி குட்டித் தொப்பி ஒன்று இருக்கும். விரல் பட்டு அது விழுந்தால், அந்தப் பூ தனக்குள்ளேயே எத்திலீனைச் சுரந்து சீக்கிரம் வாடிவிடும். அதனால் பூவின் முகத்தைத் தொடாமல் பின்பக்கமாக ஊசி ஏற்றத் தெரிந்தவரிடம்தான் ஆர்க்கிட் மாலையைக் கொடுப்பேன்.

நீல ஆர்க்கிட் கேட்பவர்களும் வருகிறார்கள். கடையில் பளிச்சென்று இருக்கும் அந்த நீலம், வெள்ளைப் பூவுக்குத் தண்டு வழியே ஏற்றிய சாயம். ஈரம் பட்டால் ஒட்டும். மேடைப் பின்னணியில் வேண்டுமானால் வைத்துத் தருவேன். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் உரசும் மாலைக்கு முடியாது என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவேன்.

பெண்ணின் அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவ்ளோ காசு போட்டும் வாசமே வரலையே தம்பி?" நியாயம்தான், சோனியாவுக்கு மணம் கிடையாது. அதற்காகவே மணவறைத் தூண்களின் உள்பக்கம், கேமராவில் விழாத இடமாகப் பார்த்து, சம்பங்கிச் சரம் சுற்றிவிடுகிறோம். பில்லில் ஆகக் குறைந்த தொகை அதுதான். அட்சதை போட மேடையேறுகிறவர்கள் மூச்சை இழுத்துவிட்டு, "ஆர்க்கிட் என்னமா மணக்குது பாருங்க" என்பார்கள். நான் திருத்துவதில்லை.