மணிக்கு எவ்வளவு, தலைக்கு எவ்வளவு: விசேஷத்துக்கு நிழலுருவக் கலைஞரை அழைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் பிறந்தநாள், வளைகாப்பு, கல்யாண வரவேற்பு என்று ஏதாவது ஒன்றுக்கு சில்ஹவுட் (நிழலுருவம்) வெட்டும் கலைஞரைக் கூப்பிட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு படத்துக்கு எவ்வளவு?" என்பதுதான். விசேஷங்களுக்கு வருகிறவர்கள் அப்படி விலை சொல்வதில்லை. அவர்கள் விற்பது நேரத்தை. அந்த நேரத்தில் எத்தனை பேருக்குப் படம் கிடைக்கிறது என்பது பாதி அவர் கையில், பாதி உங்கள் கையில்.

விருந்தாளி பக்கவாட்டில் திரும்பி உட்காருவார். கலைஞர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கறுப்புத் தாளைக் கத்தரியால் வெட்டுவார். பென்சில் கோடு கிடையாது, போட்டோ கிடையாது. வெட்டியதை வெள்ளை அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார். கை தேர்ந்தவருக்கு வெட்ட இரண்டு நிமிடம் போதும். உட்காரவைக்க, ஒட்ட, பெயரும் தேதியும் எழுத இன்னொரு நிமிடம். ஆக மணிக்கு 20 பேர். "35 பேருக்கு வெட்டுவேன்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய பழைய படங்களை வாங்கிப் பாருங்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மூக்கு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மணிக்கு 150 முதல் 300 டாலர் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விலை. பெருநகரங்களில், டிசம்பர் மாத சனிக்கிழமைகளில், மேல் எல்லையை ஒட்டியே இருக்கும். குறைந்தது 2 மணி நேரம் என்பார்கள். ஒரு மணி நேரம் போதும் என்றாலும் 2 மணி நேரத்துக்குத்தான் பில் வரும். வந்து போகும் நேரத்தில் அவருக்கு வேறு வேலை எடுக்க முடியாது என்பதால் அதில் நியாயம் உண்டு. இதையே முழுநேரத் தொழிலாகச் செய்பவர்கள் நாடு முழுக்கத் தேடினாலும் சிலர்தான். உங்கள் ஊரில் ஆள் இல்லையென்றால் பெட்ரோலில் தொடங்கி விமான டிக்கெட், ஹோட்டல் அறை வரை உங்கள் தலையில்தான் விழும். கேரிகேச்சர் (முகத்தை மிகைப்படுத்தி வரையும் வேடிக்கைப் படம்) போடுபவர் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார். இவர் கிடைக்க மாட்டார். இருவருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 250 டாலர், 3 மணி நேரம், பயணத்துக்கு 60. மொத்தம் 810. இடையில் தண்ணீர் குடிக்க, விரல்களை நீட்டி மடக்க ஒதுக்கிவிட்டு, மணிக்கு 18 பேர் என்று வைத்தால் 54 படம். தலைக்கு 15 டாலர். அதே விழாவில் முதல் ஒரு மணி நேரம் நாற்காலி காலியாகக் கிடந்தால் 36 படம்தான். தலைக்கு 22.50. கலைஞர் கூடுதலாக ஒரு பைசா வாங்கவில்லை, செலவு மட்டும் ஏறிவிட்டது.

நம்மவர்கள் விசேஷத்தில் இது அப்படியே நடக்கும். அழைப்பிதழில் 5 மணி என்று போட்டால் கூட்டம் சேர 6 தாண்டிவிடும். கலைஞரை 5 மணிக்கு வரச்சொன்னால் 5 மணிக்கு அவருடைய மீட்டர் ஓடத் தொடங்கும். 6.15க்கு வரச்சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தை அவர் நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள். பந்தி போட்டதும் வரிசை கலைந்துவிடும், மறுபடி சேராது. கேக் வெட்டுவது, பாட்டு, பேச்சு எல்லாம் அப்படித்தான். அவற்றை ஒட்டி இடைவெளி வரும் என்று தெரிந்தால் அதையே அவருடைய ஓய்வு நேரமாக முன்கூட்டிப் பேசிவிடலாம்.

120 பேர் வரும் விழாவில் எல்லோருக்கும் படம் என்று யோசித்தால் 6 மணி நேரத்துக்கு மேல் போகும், கட்டுப்படியாகாது. குழந்தைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்ல வழி. பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவர்களும் அவர்களைப் பெற்றவர்கள்தான். அல்லது தம்பதிக்கு ஒரே அட்டை. ஆனால் ஒரே அட்டையில் இருவர் என்றாலும் வெட்டும் வேலை இரண்டு, நேரமும் இரண்டு. அதில் மிச்சமாவது அட்டை மட்டுமே. வரிசையில் நிற்கவைப்பதைவிட எண் போட்ட டோக்கன் கொடுப்பது மேல். வீட்டுப் பெரிய பெண் ஒருத்தியை அட்டையில் ஒட்டவும் உறையில் போடவும் உட்காரவைத்தால் ஒரு படத்துக்கு அரை நிமிடம் மிச்சம். மணிக்கு மூன்று நான்கு பேர் கூடுதல். சில கலைஞர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், பசை கறுப்புப் பக்கத்தில் பட்டால் பளபளவென்று தழும்பு தெரியும் என்ற பயம். முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: இரட்டைப் பிரதி. தாளின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. கறுப்பு உள்ளே போகும்படி மடித்து, வெள்ளை மேலே தெரிய வெட்டினால், ஒரே வெட்டில் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு உருவம் கிடைக்கும். கூடுதல் நேரம் ஒட்டுவதற்கு மட்டுமே. ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று உங்கள் ஆல்பத்துக்கு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய் வெட்டிய அகஸ்ட் எடுவார்ட் இப்படித்தான் மடித்து வெட்டி, ஒரு பிரதியைப் பெயரோடு தன் ஆல்பத்தில் ஒட்டிவைத்தார். 1849இல் அவர் ஊர் திரும்பிய கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்ஸி தீவருகே மூழ்கியதில் அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. தப்பியவை இன்று அருங்காட்சியகங்களில் மதிப்போடு இருக்கின்றன. சிலர் இரண்டாம் பிரதிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். மணிக்கணக்கில் பணம் வாங்கும் விழாவில் அது பேசிக் குறைக்க வேண்டிய இடம்.

நம் அலங்காரத்தில் கலைஞருக்குப் பழக்கமில்லாத விஷயங்கள் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் காது தலையின் நடுவில் இருக்கிறது. அதனால் ஜிமிக்கி கறுப்புக்குள் கறுப்பாக மறைந்துபோகும். அது தெரிய வேண்டுமானால் உள்ளே மெல்லிய கீறலாக வெட்டியெடுத்து வெள்ளை தெரியவைக்க வேண்டும். அரை நிமிடம் கூடும். மூக்குத்தியும் பொட்டும் தெரியவே தெரியாது. நெற்றிச்சுட்டி ஓரத்தில் துருத்துவதால் தெரியும். கொண்டையில் சுற்றிய மல்லிகை மிக அழகாக வரும், கத்தரி நுனியால் சின்னச் சின்னப் பல்லாக வெட்டினால் சரத்தின் புடைப்பு அப்படியே விழும். நீளச் சடை தோளோடு படம் முடிகிற இடத்தில் அறுந்துவிடும். முன்பக்கம் எடுத்துப் போட்டால் கழுத்தின் வளைவு போய்விடும். பின்னால் தொங்கவிட்டு, படத்தின் அடிக்கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர்கள் கழற்ற வேண்டியதில்லை.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை அம்மா மடியில் வைத்து, எதிரே ஒருவர் நின்று சத்தம் கொடுக்க வேண்டும், பக்கவாட்டில் நின்றால் தலை திரும்பிவிடும். உதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவே உள்ள பள்ளம்தான் முகத்தைக் காட்டிக்கொடுப்பது. வாயில் பாசிஃபையரோ சாக்லேட்டோ இருந்தால் அது போச்சு.

இடம் 6க்கு 6 அடி போதும், ஒரு சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. உட்காருபவருக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். சீரியல் விளக்குத் தோரணம் தொங்கினால் மூக்கின் கோடு கண்ணுக்குப் பிடிபடாது. டிஜே ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். திறந்தவெளி என்றால் காற்று எதிரி, வெட்டிய மூக்கு நுனி பறந்துவிடும்.

ஒப்பந்தத்தில் கூடுதல் நேரத்துக்கான விலை அரை மணிக்கணக்கில் இருக்கிறதா, முன்பணம் எவ்வளவு, தேதி மாறினால் அது திரும்புமா, அட்டையும் உறையும் விலைக்குள் அடக்கமா என்று பாருங்கள். பல மண்டபங்கள் 10 லட்சம் டாலருக்கான பொறுப்புக் காப்பீட்டுச் சான்று (அவரால் யாருக்காவது காயமோ சேதமோ நேர்ந்தால் ஈடுகட்டும் இன்சூரன்ஸ்) கேட்கும். கலைஞரிடம் இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஃபிரேமை அவரிடம் வாங்காதீர்கள். அட்டை 5க்கு 7 அங்குலமா என்று கேட்டுக்கொண்டு, அதே அளவில் கடையில் மொத்தமாக எடுத்தால் பாதி விலை.